ஒரு பகற்பொழுதில் காங்கேசன்துறை

2023 ஆம் ஆண்டு ஆனி மாதம் சென்னையில் இருந்து எம்பிரஸ் என்ற உல்லாசப் பயணிகள் கப்பல் காங்கேசன்துறைக்கு முதன்முறையாக வந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களுக்கும் போவதாக அந்தப் பயணம் அமைந்திருந்தது. உல்லாசக் கப்பலுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். வன்னியில் இருந்த எங்களுக்குக் கப்பல் என்றால், 2009 இல் புதுமாத்தளன் கரைக்குக் காயப்பட்டவர்களை ஏற்ற வந்த செஞ்சிலுவைக் குழுவின் கப்பல்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் குடும்பத்துக்கு இன்னொரு கப்பலும் உண்டு. 1964 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது. பெரியம்மா குடும்பம் இந்தியாவுக்குப் பதிந்தது. அம்மா குடும்பம் இங்கே பதிந்தது. 1976 இல் பெரியம்மா தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் குடியேறினா. 1977 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் தோட்டத்தை விட்டுத் தர்மபுரத்துக்கு வந்தோம். அந்தக் கப்பல் சேவையும் 1980களில் நின்றுபோனது. சகோதரிகள் இருவரும் பிறகு ஒருவரையொருவர் காணவேயில்லை. பெரியம்மா காலமான செய்தி வந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து இருந்தோம்.

2023 இல் பெரியம்மாவின் பேத்தி, சென்னையில் வேலை செய்பவள், தன் தாய்க்கும் சேர்த்துக் கப்பல் சீட்டு எடுத்துவிட்டு எங்களுக்கு அறிவித்தாள். காங்கேசன்துறையில் அவர்களுக்கு ஒரு பகற்பொழுதுதான். நாற்பத்தேழு வருடத்தை அதற்குள் அடக்க வேண்டும்.

அவர்களைத் தர்மபுரத்துக்குக் கூட்டிவர வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. நாங்கள் கணக்குப் பார்த்தோம். பரந்தன் சந்திக்கு வந்து, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து காங்கேசன்துறைக்குப் போக வாகனத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். கூட்டிவந்து திருப்பிக் கொண்டுபோய் விட்டால் நாளின் பெரும்பகுதி வீதியிலேயே கழிந்துவிடும். எனவே நாங்களே போவதென்று தீர்மானித்தோம். அயல்வீட்டாரின் வானை எரிபொருட் செலவோடு பேசி எடுத்தோம்.

பேத்தி அனுப்பிய பட்டியல் நீளமானது. நல்லூர், கோட்டை, பொதுநூலகம், கீரிமலை, கடைத்தெரு என்று எல்லாம் இருந்தது. எல்லோரும் எல்லா இடமும் போகவேண்டியதில்லை என்று நான் சொன்னேன். அம்மாவுக்குக் காலில் செல் காயம் உண்டு, நெடுநேரம் நடக்க ஏலாது. ஆகவே பெரியவர்கள் துறைமுகத்துக்கு அருகிலுள்ள கீரிமலையில் இருப்பது, என் மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பொதுநூலகமும் கோட்டையும் பார்த்துவிட்டு வருவது, பிறகு எல்லோரும் சேர்ந்து சுன்னாகம் சந்தைக்குப் போவது என்று ஒழுங்கு செய்தோம். இந்தியக் கைத்தொலைபேசி இங்கே வேலை செய்யாமற் போகலாம். அதனால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முதலே எழுதிக் கொடுத்தோம். இரண்டு நாட்டுக்கும் மணிக்கூடு ஒன்றுதான் என்பதால் அதில் குழப்பமில்லை.

துறைமுகத்துக்குள் எங்களை விடமாட்டார்கள். வாசலில் நின்றோம். அக்கா வந்ததும் அம்மா அவவின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தா. “அக்காட மூக்கு” என்று மட்டும் சொன்னா.

கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்றுக் கேணி இருக்கிறது. பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. பெரியம்மாவின் பெயரைச் சொல்லி அம்மா அங்கே தலை முழுகினா. செய்யாமல் விட்ட கடமை ஒன்று முடிந்ததைப்போல இருந்தது. அதன்பின் நிழலில் இருந்து, வீட்டில் இருந்து கட்டிவந்த சோற்றைச் சாப்பிட்டோம். சமைத்த உணவைக் கப்பலுக்குள் கொண்டுபோகப் பொதுவாக விடுவதில்லை. ஆகையால் ஆசையாகச் சமைப்பதைக் கரையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

சந்தைக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்தோம். பழங்களையும் கன்றுகளையும் நாடுவிட்டு நாடு கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. காய்ந்த பொருட்களே வசதி. பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் மா, மோர்மிளகாய், இடித்த மிளகாய்த்தூள் வாங்கினோம். அக்கா இந்திய ரூபாவோடு வந்திருந்தா. நான் முதலே இலங்கைக் காசாக ஆயத்தம் செய்து வைத்ததால் காசு மாற்ற அலையவில்லை. ஓலைப் பெட்டிகளை மட்டும் தர்மபுரத்தில் இருந்தே கொண்டு போனோம். குடும்பத் தலைமை தாங்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் இழைத்தவை அவை. சொன்ன விலையைவிடக் கூடவே அக்கா கொடுத்தா. அந்தக் காசை அப்படியே இழைத்தவர்களிடம் சேர்த்தோம்.

சகோதரிகளே, இவ்வாறு உறவுகள் சிறுபொழுது வந்துபோகும் வாய்ப்பு உங்களுக்கும் கிடைக்கலாம். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பயணிகள் படகுச் சேவையும் 2023 ஐப்பசியில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆவணியில் மீண்டும் தொடங்கியது. அவர்கள் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படும் நேரம் வேறு, ஏறவேண்டிய கடைசி நேரம் வேறு. அதற்கும் ஒரு மணித்தியாலம் முந்தித் துறைமுக வாசலில் நில்லுங்கள். முதியவர்களுக்குச் செய்யவேண்டியதை முதலில் செய்யுங்கள். கடையும் கோட்டையும் பிறகு.

அக்கா போகும்போது பெரியம்மாவின் நூல்சேலை ஒன்றை அம்மாவின் மடியில் வைத்தா. அன்று நல்லூருக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. பேத்திக்கு அது குறைதான். “அடுத்த முறைக்கு ஒன்று இருக்கட்டும்” என்று அம்மா அவளுக்குச் சொன்னா. அடுத்த முறை என்ற சொல்லை அம்மாவின் வாயில் இருந்து நான் கேட்டுப் பல வருடங்கள்.