சபையில் ஓர் ஆயுள்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் செராமிக் தொழிற்பேட்டையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் ஞாயிறு காலை ஆலய மணிக்கேற்பத் தன் வாரத்தை அமைத்துக்கொண்ட சிறியதொரு லுத்தரன் சமூகமும் இவ்வட்டாரத்தில் உண்டு. சபை, அதாவது ஓர் ஆலயத்தைச் சார்ந்த குடும்பங்களின் கூட்டம், தன் உறுப்பினரை ஆயுள் முழுதும் பிணைத்து வைப்பது பிரசங்கத்தால் மட்டுமன்று. அவரவரிடம் ஒப்படைக்கும் சிறு வேலைகளாலும் ஆகும்.

இச்சபை மரபு ஒரு பிணக்கில் பிறந்தது. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு தொடங்கிய பணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்று நடத்திய லைப்சிக் மிஷன், சபைக்குள் சாதி வேறுபாட்டை ஓரளவு பொறுத்துக்கொண்டது. அதற்கு உடன்படாத காரல் ஓக்ஸ் என்ற மிஷனரி விலகிச் சென்று, 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் நிலையத்தை நிறுவினார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு இணைந்த அப்பணியின் வளர்ச்சியே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. எனினும் ஒருவர் விலகியதால் சாதி விலகிவிடவில்லை. திருவிருந்தின்போது அருகருகே முழங்காற்படியிட்டவர்களும் பெண் கொடுக்கும் பேச்சு எழுந்தால் குலம் விசாரிப்பதைத் தமிழகத் திருச்சபைகள் பலவும் இன்றுவரை கண்டு வருகின்றன.

ஞானஸ்நானத்தில் பெயர் பெறும் குழந்தை, ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து, 1529இல் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைக் கற்று, திடப்படுத்தல் எனப்படும் சடங்கில் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்ட பிறகு, காணிக்கைப் பை ஏந்தவும் வேதபாடம் வாசிக்கவும் கிறிஸ்துமஸ் பஜனையில் விளக்குத் தூக்கவும் அழைக்கப்படுகிறது.

இப்பொறுப்புணர்வு வெளிப்படையாகத் தெரிவது, விளைச்சலின் முதற்பலனைப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில். நிலமுள்ளவர் நெல்லும் காயும் கொண்டுவர, நிலமில்லாதவர் கூலியிலிருந்து ஒரு பங்கு தருகிறார். ஆராதனைக்குப் பின் நடக்கும் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் பன்மடங்கு தாண்டும். எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து, மறுமுறை ஏலம் விடச் செய்வதும் உண்டு. அங்கே காய்க்கு விலை பேசப்படுவதில்லை. கொடுப்பதில் பின்தங்கக் கூடாது என்ற எண்ணமே, சில வேளைகளில் சிறிது பெருமையும் கலந்து, விலையை ஏற்றுகிறது.

ஆரவாரமற்ற கொடை கைப்பிடி அரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து, நிறைந்ததும் ஆலயத்துக்குக் கொடுப்பது பெண்கள் காத்துவந்த வழக்கம். சபைப் பதிவேடு ஒருவருடைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குச் சில வரிகளே ஒதுக்குகிறது. அவ்வரிகளுக்கு இடைப்பட்ட பல ஆண்டுகளில், அன்றாடம் அடுப்படியில் எடுத்து வைத்த பிடிகளின் கணக்கு அதில் ஏறுவதில்லை.