கொம்புகள் இரண்டு; செவுள் எங்கே?

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டிற்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சங்குகுளிப்போ இன்றும் தொடர்கின்றது. அத்தொழிலிலே தலை நரைத்த பெரியவர் ஒருவருடனும் அவருடைய பேரனுடனும், வாடை தணிந்த மாசி மாதக் காலையொன்றில் வள்ளமேறினோம். கரைக்கு அண்மையிலுள்ள பார் ஒன்றில் முக்குளித்து, ஓடற்ற கடல் நத்தைகளைக் காண்பதே நம் நோக்கம். இரண்டு ஆள் ஆழத்திற்கு மேல் ஐம்பதைக் கடந்த நமது மூச்சு இடங்கொடுப்பதில்லை.

இந்நத்தைகளை அறிய நூல்கள் கூறும் அடையாளங்களை மனப்பாடம் செய்திருந்தோம். தலையில் இரு கொம்புகள். முதுகின் பின்புறம் மலர்க்கொத்துப் போன்ற செவுள். கொம்பும் செவுளும் இல்லாதது தட்டைப்புழுவாக இருக்கலாம்.

கடற்பஞ்சு படர்ந்த பாறையின்மேல் விரல் நீளத்தில் ஒன்று ஊர்ந்தது. கரிய உடல், நெடுகிலும் சாம்பல் நீல வரப்புகள், வரப்பெங்கும் மஞ்சள் முனையுள்ள கொப்புளங்கள். மஞ்சள் கொம்புகள் இரண்டும் இருந்தன. செவுளை மட்டும் காணோம்! புட்டியில் ஏந்தி மேலே வந்தோம்.

“கடல் அட்டை மாதிரி இருக்கு சாமி, கேஸாயிரும்” என்று பேரன் பதறினான். கடல் அட்டையைப் பிடிக்க 2001 முதல் தடை உள்ளதை அறியாத பிள்ளை நம் கடற்கரையில் இல்லை. அவன் ஐயமும் பிழையன்று. ஒருவகைக் கடல் அட்டையின் குஞ்சு இந்நத்தையின் கோலத்தையே பூண்டு திரிகின்றது. ஆனால் அதற்குக் கொம்புகள் இல்லை. பெரியவர், “அதத் தொடாதீங்க சாமி” என்றார். காரணம் கேட்டதற்கு, “எங்க அப்பா தொடமாட்டாரு” என்பதே விடை. நாம் படித்தவர் அல்லவா? புன்னகைத்தோம். பேரனோ அச்சம் தெளிந்து, துணைக்கென இரண்டு பொடி மீன்களைப் புட்டியில் விட்டான்.

கரை சேர்ந்து புட்டியை வெயிலில் உயர்த்தியபோது, கண்ணாடியில் ஒட்டி ஊர்ந்த அதன் அடிப்பக்கம் முழுவதும் தெரிந்தது. பாதத்தின் நடுவே நீண்ட கருங்கோடு. பாதத்திற்கும் மேற்போர்வைக்கும் இடையே, இருமருங்கிலும் வரிசை வரிசையாய் இதழ்கள், அவையே செவுள்! முதுகில் தேடியது நம் பிழை. அக்கருங்கோடு இதனை அறிய உதவும் அடையாளங்களுள் ஒன்று. பிரஞ்சு அறிஞர் லமார்க் 1801இல் பெயரிட்ட பில்லிடியா வாரிகோசா இதுவே.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மீன்கள் இரண்டும் மல்லாந்து மிதந்தன. தான் உண்ணும் கடற்பஞ்சின் நஞ்சைச் சேமித்து, இடர்ப்படும்போது கசியவிடுவது இதன் இயல்பு என்பதைப் பின்னரே படித்தோம். பேரன் நம்மை ஏறிட்டுப் பார்த்தான். பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

மாலையிலே அதே பாருக்குச் சென்று அதனை விட்டுவந்தோம். புட்டி பங்கு இல்லத்து ஊறுகாய்ப் புட்டி. மும்முறை கழுவிக் கொடுத்தும் சமையற்கார அம்மாள் அதனை வாங்க மறுத்துவிட்டார்.