சாலைக்கு இந்தப் பக்கம் நீதி

லண்டன் பார்லிமென்ட் சதுக்கத்தின் புல்வெளியில் நின்று ஒரு முறை சுற்றிப் பார்த்தால் போதும், பிரிட்டனின் ஆட்சி முறை முழுவதும் கண்ணில் பட்டுவிடும். கிழக்கே நாடாளுமன்றம். வடக்கே நிதித்துறை. தெற்கே வெஸ்ட்மின்ஸ்டர் அபே. மேற்கே, 1913ல் கட்டி முடிக்கப்பட்ட மிடில்செக்ஸ் கில்ட்ஹால். 2009 அக்டோபர் முதல் இங்கேதான் உச்ச நீதிமன்றம் இயங்குகிறது.

அதற்கு முன்? எதிரே இருக்கும் நாடாளுமன்றத்துக்குள்ளேயே! பிரபுக்கள் சபையில் இடம்பெற்ற 12 ‘லா லார்டு’கள்தான் இறுதித் தீர்ப்பு வழங்கினார்கள். லார்டு சான்சலர் என்பவரோ ஒரே நேரத்தில் அமைச்சர், பிரபுக்கள் சபையின் தலைவர், நீதித்துறையின் தலைவர். 2005ல் வந்த சட்டம்தான் இந்த முடிச்சை அவிழ்த்தது. கோர்ட் சாலையைக் கடந்தது.

ஆனால் நீதிபதிகளின் சுதந்திரம் அதைவிடப் பழையது. 1616ல், “நான் சொன்னால் வழக்கை நிறுத்தி வைப்பீர்களா?” என்று மன்னர் முதலாம் ஜேம்ஸ் கேட்டபோது மற்ற நீதிபதிகள் தலையாட்டினார்கள். தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் மட்டும், நீதிபதிக்கு எது தகுமோ அதைச் செய்வேன் என்றார். அந்த ஆண்டே பதவி போயிற்று. 1701ல் நிறைவேறிய சட்டம் மன்னரின் இந்த அதிகாரத்தைப் பறித்தது. அன்றிலிருந்து, இரு சபைகளும் கேட்டுக்கொண்டால்தான் உயர் நீதிபதியை நீக்க முடியும். இதுவரை அப்படி நீக்கப்பட்டவர் ஒரே ஒருவர்: கோர்ட் பணத்தைக் கையாடியதற்காக 1830ல் அயர்லாந்தின் ஜோனா பாரிங்டன். இங்கிலாந்து நீதிபதி எவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

நீதிபதிக்கும் எல்லை உண்டு என்பதைக் காண ஃப்ளீட் தெரு வழியாகக் கிழக்கே ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உள்ளே ஒரு கல்வெட்டு. 1670ல் தெருவில் பிரசங்கம் செய்த வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரையும் குற்றவாளிகள் என்று சொல்ல ஜூரிகள் மறுத்தார்கள். நீதிபதிகள் இரண்டு இரவுகள் அவர்களைப் பட்டினி போட்டுப் பூட்டிவைத்தார்கள்; பிறகு அபராதமும் விதித்தார்கள். கட்ட மறுத்துச் சிறை சென்ற எட்வர்ட் புஷெல் வழக்குத் தொடுத்து வென்றார். இன்றும் கடுமையான குற்ற வழக்குகளில் சட்டத்தை விளக்குவதும் தண்டனை விதிப்பதும்தான் நீதிபதியின் வேலை. குற்றவாளியா இல்லையா என்று சொல்வது 12 சாதாரணக் குடிமக்கள்.

மீண்டும் சதுக்கத்துக்கு வருவோம். உச்ச நீதிமன்றத்தில் நுழையக் கட்டணமில்லை. நீதிபதிகளுக்கு ‘விக்’கும் இல்லை, அங்கியும் இல்லை. உயர்ந்த மேடைக்குப் பதில் வழக்கறிஞர்களின் மட்டத்திலேயே வளைந்த மேஜை. பிரிவி கவுன்சிலும் இப்போது இதே கட்டடத்தில்தான் கூடுகிறது. ராமநாதபுரம் ஜமீன் ராணி தத்து எடுத்தது செல்லும் என்று 1868ல் தீர்ப்பளித்ததும், 1949 வரை இந்திய வழக்குகளுக்குக் கடைசி வாசலாக இருந்ததும் இந்த அமைப்புதான்.

அமைதியான கட்டடம். சந்தித்த புயல்களோ பெரியவை. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி ஐரோப்பிய யூனியனிலிருந்து வெளியேறும் நடவடிக்கையை அரசு தொடங்க முடியாது என்று 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் தீர்ப்பளித்தார்கள். மறுநாள் ‘டெய்லி மெயில்’ அவர்களுடைய படங்களைப் போட்டு ‘மக்களின் எதிரிகள்’ என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டது. நீதித்துறையைக் காப்பதாக உறுதிமொழி எடுத்திருந்த லார்டு சான்சலர் லிஸ் டிரஸ், பொதுவாக ஓர் அறிக்கை விட்டதோடு சரி, பத்திரிகையைக் கண்டிக்கவில்லை. அந்த மூவரில் ஒருவரான தலைமை நீதிபதி லார்டு தாமஸ், போலீஸ் பாதுகாப்பு கேட்க நேர்ந்ததாகப் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் 8-3 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 2019 செப்டம்பரில், பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை முடக்கியது செல்லாது என்று 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

இரண்டிலும் நீதிபதிகள் தடுத்தது அரசை. காப்பாற்றியது எதிரே இருக்கும் நாடாளுமன்றத்தை. நாடாளுமன்றமே எதிராகத் திரும்பினால்? புகலிடம் கேட்டு வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்புவது சட்டவிரோதம், அது பாதுகாப்பான நாடல்ல என்று 2023 நவம்பரில் கோர்ட் சொன்னது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம், ருவாண்டா பாதுகாப்பான நாடுதான் என்று சட்டமே இயற்றிவிட்டது. இந்தியாவில் 1973ன் கேசவானந்த பாரதி தீர்ப்புக்குப் பிறகு அரசியல் சட்டத் திருத்தத்தைக்கூட நீதிபதிகள் ரத்து செய்யலாம். அங்கே நாடாளுமன்றச் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் நீதிபதிகளுக்கு இல்லை. அந்த ஜூலையில் ஆட்சி மாறியதும் ருவாண்டா திட்டம் கைவிடப்பட்டது. கைவிடச் செய்தது வாக்காளர்கள், நீதிபதிகள் அல்ல.

நாற்காலியிலிருந்து அசைக்க முடியாத நீதிபதிகள். ஆனால் நாடாளுமன்றத்துக்கு மேல் போக முடியாதவர்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் தங்கள் பலத்தை அடக்கி வைத்துக்கொள்ளும் வரைதான் இந்த ஏற்பாடு தாங்கும். நடுவில் இருப்பது ஒரு சாலையும் சதுக்கமும். நடந்து கடக்கச் சில நிமிடங்கள்கூட ஆகாது.