அடுப்பு ஊதிய மூச்சு

ஆடிப்பூரத் தேர் கிளம்பினால் அந்தச் சத்தம் எங்கள் வீட்டுத் திண்ணை வரை கேட்கும். ஆனால் மூன்று வருஷமாக என் மாமியார் அந்தத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டு, ஒரு தேரோட்டத்தைக்கூடத் தவற விடாதவர். "நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது தாயி. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்பார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீங்க உக்காருங்க அத்தை, எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று அவர் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினேன். அடுத்து, கீரை ஆய்கிற வேலையையும் வாங்கினேன். சாப்பாட்டுத் தட்டும் கட்டிலுக்கே போயிற்று. "மருமகன்னா இப்படி இருக்கணும்" என்று தெருவில் எனக்கு நல்ல பேர். அத்தைக்கோ மூச்சிரைப்பு குறையவில்லை. கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதே பெரும்பாடாகிவிட்டது.

ராஜபாளையத்தில் ஒரு நெஞ்சு நோய் டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொல்லிப் பரிசோதித்தார்.

"பீடி, சுருட்டு உண்டா? பஞ்சு மில்லில் வேலை பாத்தாங்களா?"

"ரெண்டும் இல்லை ஐயா. அடுப்படிதான்."

"எத்தனை வருஷம்?"

அத்தையே விரல் விட்டு எண்ணினார். கல்யாணமான நாளிலிருந்து சீமைக்கருவேல விறகு. நடுவில் ஏழெட்டு வருஷம் பால்கோவா கிண்டுகிற கூலி வேலை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பால்கோவாவின் ருசி ஊருக்கெல்லாம் தெரியும். அதைக் கிண்டியவர்கள் குடித்த புகையை யார் நினைக்கிறோம்? காஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகுதான். கூட்டிப் பார்த்தால் முப்பது வருஷத்துக்குக் குறையவில்லை.

"நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்" என்றார் டாக்டர். சி.ஓ.பி.டி. என்கிறார்களே, அதுதான். பீடி குடிக்காத பெண்களுக்கும் இது வரும். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைப்பழக்கம் இல்லாத 900 பெண்களைப் பரிசோதித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நின்று சமைத்தவர்களிடம் இந்த நோய் ஏறக்குறைய இரு மடங்கு இருந்ததாம்.

பிறகு டாக்டர் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. "இவங்களை உக்கார வச்சது யாரு?"

நம் நுரையீரலுக்கு அடியில் உதரவிதானம் என்ற தசை கவிழ்த்த வாணலி போல இருக்கிறது. அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும். இந்த நோயில், உள்ளே போன காற்று முழுதும் வெளியே வராமல் தங்கிவிடுகிறது. நுரையீரல் உப்பி, அந்த வாணலியை அழுத்தி, தோசைக்கல் மாதிரித் தட்டையாக்கிவிடுகிறது. தட்டையான தசை எப்படி இழுக்கும்? அதோடு, மூச்சு வாங்குமே என்று நடக்காமல் இருந்தால் காலும் சோர்ந்து போகும். சோர்ந்த காலுக்கு நாலு எட்டுக்கே அதிகக் காற்று வேண்டும். "கெட்டுப்போன நுரையீரலைப் புதுசாக்க முடியாதும்மா. ஆனா தசையைப் பழக்கலாம்" என்றார்.

"அடுப்பு ஊதத் தெரியும்ல பாட்டி?" என்று அத்தையைக் கேட்டார்.

"அதை ஊதித்தானேய்யா இங்க வந்து நிக்கேன்!"

டாக்டரும் சிரித்துவிட்டார். அதே மாதிரி உதட்டைக் குவிக்க வேண்டும். ஆனால் வேகமாக ஊதக் கூடாது. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, சூடான பாலை ஆற்றுவது போல நாலு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். இப்படி விட்டால் மூச்சுக் குழல்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல், தங்கிய காற்று வெளியேறும். குனியும்போதும் படி ஏறும்போதும் மூச்சை அடக்காமல், இப்படி வெளியே விட வேண்டும்.

மூச்சுத் தசைக்கென்று ஒரு சின்னக் கருவியும் கொடுத்தார். ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தருகிற மூன்று பந்துக் கருவி அல்ல இது. இதற்குள் ஸ்பிரிங் வைத்த அடைப்பு இருக்கிறது. பலமாக இழுத்தால்தான் திறக்கும். அத்தையின் மூச்சு பலத்தை அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இறுக்கம் வைத்தார். காலையில் 30 இழுப்பு, மாலையில் 30, நடுநடுவே ஓய்வு. போகப் போக இறுக்கத்தைக் கூட்டினார். "இது மட்டும் போதாது. நடக்கணும். இன்ஹேலரையும் நிறுத்தக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

எங்கள் வீட்டிலிருந்து தேரடிக்கு ஏழு கரண்டுக் கம்பம். முதல் வாரம் ஒரு கம்பம்தான். அத்தைக்கு இரைக்கும்போதெல்லாம் "போதும், வாங்க" என்று சொல்ல என் நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வேன். அவர் நின்று, சுவரைப் பிடித்து, பாலை ஆற்றிவிட்டு மறுபடி நடப்பார். இரண்டு மாதத்தில் நாலு கம்பம். ஒருநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் கீரையை ஆய்ந்து வைத்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஆடிப்பூரத்துக்கு மூன்று இடத்தில் உட்கார்ந்து, ஏழு கம்பத்தையும் கடந்தார். நோய் போய்விடவில்லை, பனிக்காலத்தில் இன்னமும் சிரமப்படுகிறார். ஆனால் தேரைத் தன் கண்ணால் பார்த்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் கட்டிலோடு இருக்கலாம். வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் ஒரு தடவை ஊதிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கருவியை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களுக்கும், நுரையீரலில் காற்றுக் கசிவு ஏற்பட்டவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். பேச முடியாமல் இரைத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வெந்நீர் அடுப்பை நான் எடுத்துவிட்டேன். விளக்குமாற்றை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை, தூசி ஆகாது. கீரைக் கட்டு தினமும் அத்தை மடிக்குத்தான் போகிறது.