பெரியண்ணனும் சின்னண்ணனும் கட்டிய ஜெபாலயம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பினால் துணைக்கு இருப்பது நண்பர்கள்தான். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவதும், ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பதும் அவர்கள்தான். அப்படிப்பட்ட நண்பர்கள் ஒரு விடுமுறை நாளில் சேர்ந்து போய்வர ஏற்ற இடம் ஒன்று உண்டு. திருவள்ளூர் வழியாக மேற்கே போகும் ரயில் பாதையில் அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டையைத் தாண்டினால் வரும் திருப்பத்தூர்தான் அது. அங்குள்ள கிறிஸ்துகுல ஆசிரமம், இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்த ஜெபத்தில் பிறந்தது.

அதன் கதை புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய அந்த மாநாட்டில் இந்தியர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா. மேடையேறிய அவர், வெள்ளைக்கார மிஷனரிகள் இந்தியர்களுக்குப் பணமும் உழைப்பும் தருகிறார்கள், ஆனால் சமமாக உட்கார வைத்துப் பழகுவதில்லை என்பதை மனம் திறந்து சொன்னார். முடிவாக அவர் கேட்டது ஒன்றுதான்: எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அரங்கில் பலருக்கு அது உறுத்தியது.

அந்தக் கேள்விக்குப் பதில் போல, 11 ஆண்டுகள் கழித்து திருப்பத்தூரில் ஒரு நட்பு வேர் விட்டது. ஒருவர் தமிழரான டாக்டர் சவரிராயன் இயேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். பேட்டனின் குடும்பம் கம்பளி நூல் தொழிலில் செழித்த பணக்காரக் குடும்பம். பிரிட்டனில் அறிமுகமான இருவரையும் நெருக்கமாக்கியது, சேர்ந்து ஜெபிக்கும் வழக்கம். ஒரே வீட்டில் சகோதரர்களாக வாழ்ந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 1921இல் ஆசிரமம் தொடங்கியது. இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை.

வயதில் மூத்தவர் இயேசுதாசன். அதனால் அவர் ‘பெரியண்ணன்’, பேட்டன் ‘சின்னண்ணன்’. இன்று கேட்டால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் அது வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம். வெள்ளைக்காரர் மேலே, இந்தியர் கீழே என்பதே எங்கும் வழக்கம். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் கதர் வேட்டி கட்டி, தரையில் உட்கார்ந்து சைவச் சாப்பாடு சாப்பிட்டு, ஒரு தமிழரைத் தன் அண்ணனாக ஏற்றுக்கொண்டார்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறியதல்ல. 1932இல், சுதந்திரப் போராட்டம் சூடாக இருந்த நேரம். சென்னையில் கதர் உடையோடு நின்ற பேட்டனைப் போலீசார் அடித்து, கைது செய்தனர். விஷயம் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. அதற்குப் பிறகும் அவர் கதரை விடவில்லை, ஆசிரமத்தையும் விடவில்லை.

ஆசிரமத்தில் பார்க்க வேண்டிய முக்கிய இடம் ஜெபாலயம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கோயில் என்றே தோன்றும். திராவிடக் கட்டடக் கலையில் எழுந்த கோபுரமும், கல் தூண்கள் தாங்கும் மண்டபமுமாக நிற்கிறது. நாற்காலி, பெஞ்சு வரிசைக்குப் பதிலாகத் தரையில் உட்கார்ந்து ஜெபிக்கும் முறை. பெரியவர், சிறியவர், டாக்டர், நோயாளி எல்லோருக்கும் ஒரே தரைதான்.

ஜெபம் அந்த மண்டபத்தோடு நின்றுவிடவில்லை என்பதுதான் இந்த நட்பின் பெருமை. சுற்றுவட்டார கிராம மக்களுக்காக மருத்துவமனை நடந்தது. வந்தவர்களிடம் சாதி, மதம் கேட்கப்படவில்லை. ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்த இருவரும், சேர்ந்து ஊரையே தாங்கினார்கள். இயேசுதாசன் 1969இல் மறைந்தார், பேட்டன் அடுத்த ஆண்டே, 1970இல் மறைந்தார். சுமார் அரை நூற்றாண்டு நீடித்த நட்பு அது.

எப்படிப் போவது?

திருப்பத்தூர் என்றதும் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் என்று நினைத்துவிட வேண்டாம். இது 2019இல் தனி மாவட்டமான திருப்பத்தூர். கும்மிடிப்பூண்டியிலிருந்து வருபவர்கள் மின்சார ரயிலில் சென்னை வந்து, சேலம் மார்க்கத்தில் போகும் ரயிலைப் பிடிக்கலாம். ஜோலார்பேட்டையில் இறங்கினாலும் பக்கம்தான், அங்கிருந்து பஸ் உண்டு. ஆசிரமம் சுற்றுலாத் தலம் அல்ல, வழிபாட்டு இடம். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போவதும், உள்ளே அமைதி காப்பதும் நல்லது. நேரமிருந்தால் ஏலகிரி மலைக்கும் ஒரு நடை போய் வரலாம்.

செல்போனைச் சிறிது நேரம் அணைத்துவிட்டு, ஜெபாலயத்தின் தரையில் நண்பரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அவருடைய கவலை என்னவென்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.