எக்கியார்குப்பத்தில் ஒரு 'பி' எழுத்து

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வாருங்கள். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடும். சுமார் 120 கிலோமீட்டர் வந்ததும் சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னக் குன்றுகள் தென்படும். வண்டியில் குழந்தைகள் இருந்தால், "பனிமலை! பனிமலை!" என்று கூச்சல் போடுவார்கள். இந்த வெயிலில் பனிமலையாவது, மண்ணாவது! அத்தனையும் உப்பு. மரக்காணம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பழம் பெருமை உள்ள ஊர்தான். சங்க நூலில் வரும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே நடந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இங்கேதான் தென்கோடி. பக்கத்திலுள்ள கழுவேலி ஏரியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். கோயிலையும் பறவைகளையும் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இன்று நமக்கு வேலை, மரக்காணத்தை ஒட்டிய மீனவர் கிராமமான எக்கியார்குப்பத்தில்.

இந்தக் குப்பத்தின் பெயரை நீங்கள் பத்திரிகையில் படித்திருக்கலாம். 2023 மே மாதத்தில் விஷச் சாராயம் இங்கே பல வீடுகளின் விளக்கை அணைத்துவிட்டது. 2004-ல் இதே கரையைக் கடல் வந்து அடித்தது. இரண்டையும் தாங்கிக்கொண்டு, விடியற்காலையில் படகு போகிறது. வெயில் ஏறுவதற்குள் மீன் கூடையுடன் பெண்கள் புறப்பட்டுவிடுகிறார்கள்.

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு முதலில் தோன்றுவது, 'இவ்வளவு தட்டையாகப் பூமி இருக்க முடியுமா?' என்பதுதான். தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கிறது. ஆனால் அது கண்ணின் மயக்கம். உப்புநீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் காய்ச்சி, அடுத்த பாத்திக்கு விட்டு, அங்கேயும் காய்ச்சி, கடைசியாகச் சின்னப் பாத்திக்குக் கொண்டுவந்து உப்பாக உறைய வைக்கிறார்கள். ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றுக்கு நீர் தானாக ஓடவேண்டுமே! ஆகவே ஒரு நூலளவு சரிவு இருக்கத்தான் இருக்கிறது. அது தண்ணீருக்குத் தெரியும். தலையில் உப்புக் கூடை சுமந்து வரப்பில் நடக்கும் பெண்களின் பாதங்களுக்கும் தெரியும். மோட்டார் வண்டிக்குத் தெரியாது.

மோட்டாரைப் பற்றிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் வந்த வண்டி என் அக்காவுடையது. அவளேதான் ஓட்டி வந்தாள். பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஒரே கூரையின் கீழ்க் கூட்டுக் குடித்தனம் நடத்தும் 'ஹைபிரிட்' ரகம். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி முதலியவை 2022-ல் இந்த ஏற்பாட்டுடன் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. இவற்றில் கிளட்ச் மிதி கிடையாது; ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாற்றும் தொல்லையும் கிடையாது. கியர்த் தண்டின் அருகே சில இங்கிலீஷ் எழுத்துக்கள் மட்டும் இருக்கும். முன்னால் போக 'டி', பின்னால் போக 'ஆர்', அப்புறம் ஒரு 'பி'.

இந்த 'பி', வண்டியை நிறுத்தி வைக்கும் 'பார்க்கிங் பி' அல்ல. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்வது! நான் சொல்வது இங்கிலீஷ் அரிச்சுவடியில் இரண்டாவதாக வரும் எழுத்து. 'பிரேக்' என்பதன் முதல் எழுத்து என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். வேறு சில கம்பெனிகள் இதே காரியத்துக்கு 'எல்' என்றோ 'எஸ்' என்றோ போடுவதுண்டு. பழைய வண்டிகளின் 'லோ கியர்' இருந்த ஸ்தானத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது இந்த எழுத்துத்தான்.

அடுத்த வாரம் மாமியாரையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போவதாக அக்கா திட்டம் போட்டிருந்தாள். மலைப்பாதையில் அவள் வண்டி ஓட்டப் போவது அதுதான் முதல் தடவை. அத்திம்பேருக்கு லீவு இல்லை. 'பி'யில் போட்டு ஓட்டினால் பாட்டரி சீக்கிரம் நிரம்பும் என்று அடுத்த வீட்டு அம்மாள் சொல்லியிருக்கிறாள். அதை நம்பி, முட்டுக்காட்டிலிருந்து கல்பாக்கம் வரை 'பி'யிலேயே ஓட்டி வந்தாள். பெட்ரோல் செலவு கூடியதுதான் மிச்சம்.

குப்பத்துக்குள் சிமெண்டு ரோடு முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சிறு கூட்டம். எங்களைப் போலவே கடற்கரை பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் வண்டி, இதே ரகம், மணலில் முன் சக்கரம் புதைந்து நின்றது. அதை ஓட்டிய இளைஞர், கிளட்ச் வண்டியில் முதல் கியர் போடுவதுபோல், 'பி'க்கு மாற்றி மாற்றி ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். சக்கரம் சுழல்வதும் நிற்பதுமாக இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று.

படகு இழுக்கும் டிராக்டர் அருகில் உட்கார்ந்திருந்த பையன்கள் எழுந்து வந்தார்கள். ஒருவன் சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரினான். இன்னொருவன் இரண்டு பனைமட்டைகளைக் கொண்டுவந்து செருகினான். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார்கள். "மெதுவா, மெதுவா, ஒதறாதீங்க!" என்று சொல்லி நாலு பேர் தள்ள, வண்டி கரையேறியது. தண்டு அப்போது 'டி'யில்தான் இருந்தது.

ஏன் என்று கேட்கிறீர்களா? பழைய வண்டியில் முதல் கியர் என்றால் பெரிய பல்சக்கரத்தோடு சேர்ந்து இழுவை அதிகமாகும். டொயோட்டா வழியில் வந்த ஹைபிரிட்டில், சக்கரத்துக்கும் மின்சார மோட்டாருக்கும் நடுவே மாறக்கூடிய பல்சக்கரமே இல்லை. எப்போதும் ஒரே விகிதம். மின்சார மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழுப் பலமும் உண்டு. 'பி' போட்டால் அந்தப் பலம் ஒரு குன்றிமணி அளவும் கூடாது. 'பி' தடுக்கும்; இழுக்காது.

மரக்காணம் டீக்கடையில் அக்கா இதை யோசித்துக்கொண்டே டீயை ஆற வைத்துவிட்டாள். பக்கத்து பெஞ்சில், உப்பு மூட்டை ஏற்றிக் காத்திருந்த லாரியின் டிரைவர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும்.

"அண்ணே, நீங்க மலைக்கெல்லாம் உப்பு கொண்டு போவீங்களா?"

"கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை எல்லாம் போயிருக்கேம்மா."

"எறங்கறப்போ என்ன கியர்?"

"எந்தக் கியருல ஏறுனமோ அந்தக் கியருலதாம்மா எறங்கணும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடணும். அமுக்கின காலை எடுக்காமலே வந்தீங்கன்னா பத்தாவது பெண்டுல கருகல் வாடை வரும். வந்துச்சுன்னா, வண்டியை ஓரங்கட்டி ஆறப் போட்டுட்டு அப்புறம் எடுங்க."

"என் வண்டியில் கியரே இல்லையே, அண்ணே!"

அவர் எழுந்து வந்து ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "கியரு இல்லேன்னா எஞ்சினு எப்படிம்மா வண்டியைப் புடிக்கும்?" என்றார்.

அதுதான் கேள்வி. அதற்கு விடைதான் 'பி'.

வாசகிகளே, இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. வீட்டு மின்சாரக் கட்டணம் பார்க்கிற உங்களுக்கு 'யூனிட்' தெரியாததல்ல. வண்டியும் ஆட்களுமாக ஒன்றரை டன் எடை என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வருவதற்குள் சுமார் 1,200 மீட்டர் உயரம் இறங்குகிறோம். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவிடுகிற சக்தி ஏறக்குறைய 5 யூனிட். 150 வாட் கிரைண்டரை ஒரு பகலும் ஓர் இரவும் ஓட்டினாலும் மீதி இருக்கும்! எதிர்க்காற்றும் ரஸ்தாவின் உராய்வும் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். மிச்சத்தை?

ஹைபிரிட்டில் காலை எடுத்தாலும், பிரேக்கை இலேசாக மிதித்தாலும், மின்சார மோட்டார் ஜெனரேட்டராக மாறி அந்தச் சக்தியைப் பாட்டரியில் சேர்க்கும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டின் பாட்டரி மொத்தமே முக்கால் யூனிட்தான் கொள்ளும். அதையும் விளிம்பு வரை நிரப்ப விடமாட்டார்கள். நாலைந்து வளைவு இறங்குவதற்குள்ளேயே படி நிரம்பிவிடலாம். அப்புறம் வருகிற சக்திக்குப் போக்கிடம் இல்லை. பிரேக் கட்டைகள்தான் எல்லாவற்றையும் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டை அளவு மீறிச் சூடேறினால் பிடிப்புத் தளரும். பிரேக் ஆயில் கொதித்தால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது.

'பி' போட்டால், பெட்ரோல் சொட்டுக்கூட விடாமல் எஞ்சினை வெறுமனே சுற்ற வைக்கிறார்கள். வெறும் காற்றை உறிஞ்சி, அழுத்தி, தள்ளுவதிலேயே வண்டியின் வேகம் கரைகிறது. லாரிக்காரரின் இரண்டாம் கியர் செய்கிற வேலை இதுவேதான். ஹோண்டாவில் ஏற்பாடு சற்று வேறு. அங்கே ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள இரண்டு சிறகுகளாலும் தடுப்பைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் உபயோகிக்க வேண்டிய இடம் ஒன்றே: நீண்ட, செங்குத்தான இறக்கம்.

சமதரையில் 'பி' ஏன் கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். பாட்டரிக்குப் போயிருக்க வேண்டிய சக்தி எஞ்சினைச் சும்மா சுற்றுவதில் வீணாகிறது. பாலாற்றுப் பாலத்துச் சரிவுக்கும், நகரத்து மேம்பாலத்துக்கும் 'டி'யே போதும். ஆக, சென்னையிலிருந்து எக்கியார்குப்பம் வரை அந்த எழுத்துக்கு வேலையே இல்லை.

வேலை இருக்கும் இடங்கள் வேறு. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இந்தக் கல்லட்டியில் 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ஒரு கார் பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் பிழைக்கவில்லை. அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கக் கூடாதென்று தடை வந்தது.

அக்காவுக்கு டீக்கடையிலேயே ஒத்திகை நடந்தது. இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே 'பி'க்கு மாற்றிவிட வேண்டும். ஓடும்போதே மாற்றலாம், நிறுத்த வேண்டியதில்லை. எஞ்சின் 'ஊ' என்று கத்தும், பயப்படக் கூடாது. வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக்கை அழுத்தமாகப் போட்டு வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். மழை பெய்து ரஸ்தா வழுக்கினால், வேகம் தணிந்த பிறகே 'பி'க்கு வர வேண்டும். அடிவாரம் வந்ததும் மறக்காமல் 'டி'. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் மட்டும் உருட்டவே கூடாது. நியூட்ரலில் எஞ்சினும் பிடிக்காது, ஜெனரேட்டரும் பிடிக்காது. எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில்!

லாரி டிரைவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பிரேக்கு ஆயில் மாத்தினீங்களாம்மா?" என்று ஒரு கேள்வி போட்டார். அந்த மனிதருடைய அனுபவமே அனுபவம். மழைக்காலத்தில் உங்கள் சமையலறை உப்பு ஜாடி கசிகிறதல்லவா? பிரேக் ஆயிலும் அப்படியே காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கையேட்டில் சொன்ன கெடுவில் மாற்றியாக வேண்டும். அக்கா மாற்றவில்லை. சென்னை திரும்பிய மறுநாளே மாற்றினாள்.

இன்னொன்றும் உப்புக் கரையில் நினைவு வைக்க வேண்டியது. கலப்பு வண்டியை அலை தொடும் இடத்துக்கு இறக்காதீர்கள். 2012-ல் அமெரிக்காவில் சாண்டி புயலின்போது நூவார்க் துறைமுகத்தில் கடல்நீரில் மூழ்கிய இத்தகைய வண்டிகள் பல தீப்பற்றி எரிந்தன. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்த பிறகும் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

எக்கியார்குப்பத்துக்குப் போவதானால் மார்ச் முதல் ஜூன் வரை, காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். உப்பு வாருவதைப் பார்க்கலாம். வெயிலும் கடுமையாவதற்கு முன்பு திரும்பலாம். ஐப்பசி மழையில் பாத்திகளில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இராது. பாத்தி வரப்பில் செருப்போடு நடக்காதீர்கள். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு அது பிடிக்காது, நியாயமும் அவர்கள் பக்கம்தான். கருவாடு வாங்க விரும்புகிறவர்கள் இறுக்கி மூடும் டப்பா கொண்டுபோவது நல்லது. நாங்கள் கொண்டுபோகவில்லை; ஓவிய நண்பர் மாமல்லபுரம் வரை தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்.

ஏற்காட்டுப் பிரயாணம் முடிந்ததும் அக்கா டெலிபோன் செய்தாள். மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் பாட்டரி நிரம்பிவிட்டதாம். இறங்கும்போது எஞ்சின் கத்திய கத்தலில் மாமியார், "வண்டிக்கு ஏதோ உடம்பு சரியில்லை, நிறுத்து!" என்று ரகளை செய்திருக்கிறாள். "எஞ்சின்தான் அம்மா நம்மைப் பிடித்துக்கொண்டு வருகிறது" என்று இவள் சமாதானம் சொன்னாளாம். அடிவாரத்தில் சின்னவன் இறங்கிச் சக்கரத்தருகே மூக்கை வைத்துப் பார்த்து, "கருகல் வாசனையே இல்லை" என்று ஏமாற்றத்துடன் அறிவித்தானாம்.