ரெண்டு போட்டோ, ஒரு மிஸ்டு கால்

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கிண்டலடித்துக்கொள்ள ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, தண்ணி இல்லாத ஆறு. இதில் கோயிலுக்கு 1981ல் சாமி வந்துவிட்டார். தண்ணிதான் வந்தபாடில்லை.

கூட்டிக்கொண்டு வரத்தான் கணியம்பாடி பக்கத்துப் பெண்கள் கிளம்பினார்கள். ஜவ்வாது மலையில் பிறக்கிற நாகநதி பல வருஷமாக வறண்டு கிடந்தது. 2014 வாக்கில் வாழும் கலை அமைப்பு வழிகாட்ட, நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். மலைச்சரிவில் ஓடைக்குக் குறுக்கே கல் தடுப்பு. ஓடைப் படுகையில் ஆழமாகக் குழி தோண்டி, சிமென்ட் உறை இறக்கி, ஓடுகிற தண்ணீரைப் பூமிக்குள் அனுப்பும் கிணறு. வேலை பார்த்தவர்கள் சுமார் 20,000 பெண்கள் என்கிறார்கள். ஆற்றில் மறுபடி நீர் வந்தது. 2021 செப்டம்பரில் பிரதமரே மனதின் குரல் நிகழ்ச்சியில் இவர்களைப் பாராட்டினார்.

இது சின்ன விஷயமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் தோல் கழிவு நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்பதை 1996லேயே சுப்ரீம் கோர்ட் பதிவு செய்திருக்கிறது. 2025 ஜனவரியில் திரும்பவும் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. அப்படிப்பட்ட பூமியில், மலையிலிருந்து இறங்கும் நல்ல தண்ணி ஒரு குடம் என்றாலும் சொத்துதான்.

சரி, அந்தக் கிணறுகள் இப்போது எப்படி இருக்கின்றன?

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது இதுதான்: கணக்குப் புத்தகத்தில் இருக்கிற சரக்கு குடோனில் இருக்கிறதா என்று போய்ப் பார். இங்கே சரக்கு மண்ணுக்கடியில் இருக்கிறது. ரெண்டு மழைக்கு வண்டல் வந்து அடைத்தால், மேலே பார்க்கக் கிணறு போலவே இருக்கும். தண்ணி மட்டும் உள்ளே இறங்காது. வேலைக்கு முன், நடுவில், முடிந்தபின் என்று இடத்தோடு போட்டோ எடுத்து ஏற்ற ஏற்பாடு உண்டு. மூணு வருஷம் கழித்து?

அதற்குப் பதிலாக மொபைல் போன் வேறொன்றைப் பார்க்க ஆரம்பித்தது. 2021ல் மத்திய அரசு ஒரு ஆப் கொண்டுவந்தது. 2023 ஜனவரியிலிருந்து, தனிநபர் பணிகள் தவிர எல்லா இடத்திலும் கட்டாயம். பணித்தளப் பொறுப்பாளர் ஸ்மார்ட்போனில் காலையில் ஒரு போட்டோ, பிற்பகல் ஒரு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். போட்டோவில் இருப்பவர்கள் பெண்கள். கிணறு அல்ல.

பலன்? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சம்பந்தமில்லாத படங்கள், போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுவது, ஒரே படத்தைப் பல வருகைப்பதிவில் போடுவது என்று தில்லுமுல்லுகளின் பட்டியல் அதில் இருந்தது. அந்த டிசம்பரில் பழைய சட்டமே போய், 125 நாள் வேலை என்று புதுச் சட்டம் வந்தது. பேர் மாறிவிட்டது, நாள் கணக்கும் மாறிவிட்டது. யார் கையில் போன், யார் முகத்தில் கேமரா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது வால்பாறைக்கு வாருங்கள். அங்கே தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே யானை வரும். பெரும்பாலான சாவுகள், யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல் எதிரில் போய் மாட்டிக்கொண்டதால் நடந்தவை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் பெரிய கருவி எதையும் தேடவில்லை. பட்டன் போனே போதும் என்றார்கள். யானையைப் பார்த்தவர் போன் பண்ணுவார். சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தமிழில் எஸ்.எம்.எஸ். போகும், படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் செய்தி. முக்கியமான இடங்களில், போனில் அழைத்தால் எரிகிற சிவப்பு விளக்கு. உயிர்ச்சேதம் குறைந்தது. 2015ல் ஆனந்தகுமாருக்கு லண்டனில் விட்லி விருது கொடுத்தார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது போனை அல்ல. தகவல் போகும் திசையை. சொல்கிறவரும் எஸ்டேட் லைனில் இருப்பவர், கேட்கிறவரும் எஸ்டேட் லைனில் இருப்பவர். யானை வந்ததாகப் பொய் சொன்னால் மறுநாள் டீக்கடையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். தனியாக ஆடிட்டர் வேண்டாம்.

சத்தீஸ்கரில் 2010ல் முன்னாள் பி.பி.சி. நிருபர் சுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவும் இதே கதைதான். ஒரு நம்பரைக் கூப்பிட்டு ஆதிவாசி மக்கள் தங்கள் பாஷையில் குறையைச் சொல்வார்கள். அதை யார் வேண்டுமானாலும் போனில் கேட்கலாம். சொன்னது ஊருக்கே தெரிந்துவிட்டதால், அதிகாரி 'என் காதுக்கு வரலையே' என்று தப்பிக்க முடியாது.

கணியம்பாடியில் இதைச் செய்ய என்ன செலவாகும்? ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் ஒரு எண்ணும் ஒரு போன் நம்பரும் பெயின்டில் எழுத வேண்டும். ஆடு மேய்க்கப் போகிறவர் மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைப்பு வரும். "ஏழாம் நம்பர் கிணறு அடைச்சிருக்கு, தண்ணி இறங்கல." அவ்வளவுதான் ரிப்போர்ட். காசு பிடிக்காத மிஸ்டு காலைப் பற்றி நம் ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் குரல் கம்ப்யூட்டரில் தூங்கக் கூடாது. தமிழ்நாட்டில் மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு அந்தப் பதிவுகளை மைக்கில் போட்டுக் காட்டட்டும். எந்தக் கிணறு, எந்தத் தேதியில் புகார், யார் போய்ப் பார்த்தார், என்ன செலவு என்று பதில் சொல்லட்டும்.

தோண்டியவளுக்குத் தெரியும், தண்ணி இறங்குகிறதா இல்லையா என்று. அவளை தினம் ரெண்டு தடவை போட்டோ எடுக்கிறோம். ஒரு தடவையாவது அவளைக் கேட்கலாமே!